பங்சர் டப்பாவும் நான் படிக்காத இரண்டு வரிகளும்

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. மேரியில் இருக்கும் பதிவுப்படி எழுபத்திரண்டுதான். நகராட்சி ஆபீசை எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் மேரி என்றுதான் சொல்வோம். என் அப்பா ஒரு வருஷம் கழித்துச் சாவகாசமாகப் போய் என் பெயரைப் பதிந்தார். வளர்த்தது ஐந்து பேரை. மூன்று என் வயிற்றில் பிறந்தவை. இரண்டு, என் தங்கை போன பிறகு அவள் விட்டுப் போனவை. மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருபத்தாறு வருஷம் நின்றபடியே வேலை செய்து ஐந்தையும் ஆளாக்கினேன். ஐந்தும் படித்தன. இதைச் சொல்லும்போது என் தலை தானாக நிமிரும். இனிமேல் சொல்லப் போவதற்கு நிமிராது.

பேத்திக்குப் பள்ளி விடுமுறை. ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து, "ஆயா, நீ சொல்லு, நான் எழுதறேன்" என்று உட்கார்ந்தாள். மில் கதை சொல்வேன் என்று நினைத்திருப்பாள். சங்கு ஊதும் கதை, ஸ்டிரைக் கதை எல்லாம் அவள் நூறு தடவை கேட்டாயிற்று. பங்சர் டப்பா கதையை எழுது என்றேன். சிரித்தாள். சிரிக்காதே, எழுது என்றேன். நான் பேசுகிறபடி எழுதாமல் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி எழுதுகிறாள். எழுதட்டும். நான் சொல்வது மட்டும் மாறக் கூடாது.

என் கடைசி மகன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். சனிக்கிழமை வருவான், திங்கட்கிழமை விடியலில் போய்விடுவான். மற்ற நாளெல்லாம் முதலியார்பேட்டை வீட்டில் நான், மருமகள், பேத்தி மூன்று பேர்தான். மருமகள் ஸ்கூட்டரில்தான் எங்கும் போவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மகன் வரும்போது சிவப்பாக ஒரு டப்பா கொண்டு வந்தான். கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கிற டப்பா இருக்கிறதே, அந்த உயரம். தலையில் சின்னதாக ஒரு குழாய்.

"இது பங்சர் ஸ்ப்ரேம்மா. இவ தனியா போறா வர்றா. நடுவழியில காத்து எறங்கிடுச்சின்னா யாரையும் கூப்புட வேணாம்" என்றான்.

குழாயை டயரில் காற்று அடிக்கிற இடத்தில் திருகி, டப்பாவின் தலையை அழுத்தினால் உள்ளே இருக்கிற நுரையும் காற்றும் டயருக்குள் போகுமாம். காற்று டயரைத் தூக்கும், நுரை ஓட்டையை அடைக்கும். பங்சர் கடைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் தாங்கும். ஒரு டப்பா ஒரு தடவைக்குத்தான். டப்பாவில் இங்கிலீஷில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடிப் பொடியாக எழுதியிருந்தது. "ரோட்ல நின்னுக்கிட்டு இத எவன் படிப்பான்" என்று சொல்லி, அவனே ஒரு சீட்டில் தமிழில் மூன்று வரி எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு டப்பாவோடு கட்டினான். மருமகள் அந்த நேரம் பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இவன் சொல்லச் சொல்ல அங்கிருந்தே "சரிங்க, சரிங்க" என்றாள். டப்பா ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டிக்குள் போனது. அதோடு அதை எல்லோரும் மறந்தோம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. என் பெயரை எழுதுவேன். மில்லில் என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் கட்டை விரலில் மை தடவிக்கொண்டு நிற்கும்போது நான் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டு தெரியும். பெரிய எழுத்தாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கூட்டி, வாய்க்குள் முணுமுணுத்து, ஒரு வரியைக் கரை சேர்ப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் என் பிள்ளைகள் யாருக்கும் அது தெரியாது. அவர்கள் வீட்டுப்பாடம் எழுதும்போது நான் எதிரில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். தப்பாக எழுதினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம் இருக்க வேண்டுமே. பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பேப்பரை நான் கீழே வைக்கவில்லை. மருமகள் வந்த பிறகும் காலையில் காப்பியோடு விரிப்பேன். படம் பார்ப்பேன். தலைப்பில் இரண்டு சொல் கூட்டுவேன். மீதியை முதல் நாள் டிவியில் கேட்டதை வைத்துச் சொல்வேன். "எங்க அத்த பேப்பர் படிக்காம பல்லுகூட தேய்க்காது" என்று மருமகள் அவள் அம்மாவிடம் போனில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவள் பி.காம். படித்தவள். அவள் வாயால் அப்படி வந்தது எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

பேத்தி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"நெஜமாவா ஆயா? தெனம் காலையில..."

"எழுதுன்னு சொன்னேன்ல."

அந்த வருஷம் மருமகள் அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கிளார்க் வேலை. அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது வயது தாண்டிவிடும். ஏழு மாதம் படித்தாள். சோறு வடிக்கும்போது புத்தகம், துணி காயப் போடும்போது புத்தகம். நான் குறுக்கே எதுவும் சொன்னதில்லை, ஒரு நாள் தவிர.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி வந்து பேச்சுக் கொடுத்தாள். "வேல கெடச்சா மொதல்ல காரைக்காலுக்குத்தான் போடுவாங்களாமே. அப்புறம் இங்க யாரு பாத்துக்குவா?" என்றாள். நம் ஊர் அரசாங்க வேலையில் அது சகஜம். தினம் போய் வர முடியாத தூரம் என்றாலும் காரைக்காலுக்குப் போட்டால் போய்த்தான் ஆக வேண்டும். "அப்பிடி ஒண்ணும் அந்த வேல கெடைக்கணும்னு இல்ல. இந்த வயசுல நான் திரும்பியும் அடுப்புக்கிட்ட நிக்கணுமா?" என்று நான் சொன்னேன். பேச்சுக்குச் சொன்னது. வாய் இருக்கிறதே என்று சொன்னது. திரும்பிப் பார்த்தால் வாசல்படியில் மருமகள் காய்கறிப் பையோடு நிற்கிறாள். பையோடு உள்ளே போனாள்.

பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை. வில்லியனூர் தாண்டி உள்ளே ஒரு காலேஜில் மதியம் ஒரு மணிக்குக் கம்ப்யூட்டரில் எழுதுகிற பரீட்சை. பன்னிரண்டரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள். போனை உள்ளே விட மாட்டார்கள். அதனால் போனையும் பையையும் வைத்துக்கொண்டு வெளியே உட்கார ஓர் ஆள் வேண்டும். அன்றைக்குத்தான் எனக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிற நாளும். முதலில் ஆஸ்பத்திரி, அப்படியே பரீட்சை என்று முடிவு செய்தோம். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. எந்தக் கிழமையைக் கேட்டாலும் ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றையும் நான் காலண்டர் பார்க்காமல் சொல்வேன். பத்தரைக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று நான்தான் அவளை விரட்டினேன். பத்து மணிக்கே இறங்கிவிட்டோம். மாத்திரை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது.

வில்லியனூரைத் தாண்டி இரண்டு பக்கமும் வெறும் வயலாக இருந்த இடத்தில் ஸ்கூட்டரின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. மருமகள் ஓரம் கட்டினாள். பின் டயர் தரையோடு தட்டையாகக் கிடந்தது. ஆணியின் தலை பளபளவென்று தெரிந்தது.

"நீங்க ஏறி ஒக்காந்ததுல டயரு பயந்துடுச்சி அத்த" என்றாள்.

"நான் நாப்பது கிலோ. உன் புஸ்தகப் பைதான் ஒரு மூட்ட" என்றேன்.

சிரித்தாள். அவள் என்னிடம் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி.

பக்கத்தில் புளிய மரத்தடியில் ஒரு நடுவயதுப் பெண் நுங்கு வெட்டி விற்றுக்கொண்டிருந்தாள். பங்சர் கடை எங்கே என்று கேட்டோம். வந்த வழியே மூன்று கிலோமீட்டர் போக வேண்டும் என்றாள். அப்போதுதான் மருமகளுக்கு டப்பா ஞாபகம் வந்தது. சீட்டைத் தூக்கி, பெட்டிக்குள்ளிருந்து அதை எடுத்தாள். மழைக்கோட்டு, எண்ணெய்த் துணி என்று அதில் கிடந்ததோடு சேர்ந்து புரண்டதில் டப்பாவின் மேல் இருந்த இங்கிலீஷ் எழுத்து பாதி அழிந்திருந்தது. மகன் எழுதின சீட்டு மட்டும் ரப்பர் பேண்டில் பத்திரமாக இருந்தது. ரப்பர் பேண்டை உருவிச் சீட்டை என்னிடம் கொடுத்தாள். அவள் ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து குழாயைத் திருகிக்கொண்டே, "அதுல என்ன எழுதியிருக்காரு, படிங்க அத்த" என்றாள்.

சீட்டு என் கையில் இருந்தது. மூன்று வரி. மகன் எழுத்து கோழி கிளறினது போல் இருக்கும். முதல் வரி சின்னது. ந, ல், லா என்று வாய்க்குள் கூட்டினேன். "நல்லா குலுக்கு" என்று வந்தது. இரண்டாவது வரி நீளம். மூன்றாவது வரியும் கொஞ்சம் நீளம். கூட்டினால் படித்துவிடலாம். ஆனால் ஐந்து நிமிஷம் ஆகும், பத்து நிமிஷமும் ஆகும். அவள் கீழிருந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுங்கு விற்கிறவளும் கத்தியைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பி.காம். படித்த மருமகள் முன்னால், முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நான் எழுத்துக் கூட்ட வேண்டும்.

"நல்லா குலுக்கிட்டு அழுத்தணுமாம். அவ்ளோதான்" என்றேன். சீட்டை மடித்து ஆஸ்பத்திரி நோட்டுக்குள் வைத்துவிட்டேன்.

அவள் குலுக்கினாள். அழுத்தினாள். புஸ் என்று சத்தம் வந்தது. தட்டையாகக் கிடந்த டயர் எங்கள் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றது. உண்மையிலேயே அதிசயமாகத்தான் இருந்தது.

"டப்பாவுல காத்து வந்துடுச்சா? இனிமே சோறும் டப்பாவுல வந்துடும்" என்றாள் நுங்குக்காரி.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க அத்த, போவலாம்" என்றாள்.

"மணி என்னா?"

"பதினொண்ணு நாப்பது."

நான் ஏறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினபோதே எனக்கு மனசுக்குள் உறுத்தல் இருந்தது. வீட்டை விட்டு நல்ல நேரத்தில்தான் இறங்கினோம், ஆனால் இடையில் நின்று ராகு காலத்தில் மறுபடி கிளம்பிவிட்டோமே என்று. அதனால்தான் ஆணி குத்தியது என்று அந்த நேரத்தில் உறுதியாக நம்பினேன்.

"இருபது நிமிஷம் ஒக்காரு. பன்னெண்டு ஆவட்டும். ராகு காலத்துல ஒரு தடவ கெளம்பி வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்" என்றேன்.

"கேட்ட மூடிடுவாங்க அத்த."

"பன்னெண்டுக்குக் கெளம்புனா பன்னெண்டே காலுக்கு அங்க இருப்ப. கடைசிப் பரீட்ச, அதக் கெட்ட நேரத்துல போய் எழுதுவியா? நான் சொன்னா கேளு."

அவள் போனில் மணி பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். டயரை ஒரு தடவை கையால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. "சரி" என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். என் பேச்சுக்கு மரியாதை கொடுத்துத்தான் உட்கார்ந்தாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. இரண்டு நுங்கு வாங்கி அவளுக்குக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து நுங்குக்காரி, "ஏம்மா, டயருல நொர வருது பாரு" என்றாள். நான் பார்த்தேன். ஆணி குத்தின இடம் மேல்பக்கமாக இருந்தது. அங்கே வெள்ளையாக, சோறு பொங்குகிறபோது தட்டு ஓரத்தில் வருமே, அந்த மாதிரி நுரை வந்துகொண்டிருந்தது. மெல்லிசாக ஒரு சீறல். மருமகள் தலையைத் தூக்கினாள்.

"அது அப்பிடித்தான் அடைக்கும். நீ படி" என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு அடித்ததும் கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர்கூட போயிருக்க மாட்டோம். பின்பக்கம் மறுபடி ஆடியது. இந்தத் தடவை முழுசாக உட்கார்ந்துவிட்டது. அவள் டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். காலி. இருந்தாலும் குழாயை மாட்டி அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு வண்டியை ஓரமாகப் பூட்டி வைத்துவிட்டு ரோட்டின் நடுவில் போய்க் கையை நீட்டினாள். மூன்று நான்கு கார் நிற்காமல் போனது. காய்கறிக் கூடை ஏற்றின ஒரு சின்ன டெம்போ நின்றது. டிரைவர் பக்கத்தில் அவளும், அவள் மடியில் பாதியும் கதவில் பாதியுமாக நானும். நல்ல மனுஷன், முடிந்த மட்டும் விரட்டினான்.

கேட் முன்னால் இறங்கும்போது பன்னிரண்டு முப்பத்தேழு.

கேட் மூடியிருந்தது. உள்ளே ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். எழுந்து வந்து பொறுமையாகப் பேசினார்.

"மூடிட்டாங்கம்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

"அண்ணா, வண்டி பங்சர் அண்ணா. பாருங்க, கையெல்லாம் கறை. ஏழு நிமிஷம்தான் அண்ணா."

"ஒரு நிமிஷம் லேட்டா வந்தவங்களையே அனுப்பிட்டாங்கம்மா. மேல கேமரா இருக்குது."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஹால் டிக்கெட்டைக் கம்பிக்கு நடுவில் நீட்டிக்கொண்டே இருந்தாள். அவர் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். நானும் கெஞ்சியிருக்கலாம். என் நரைத்த தலையைப் பார்த்தாவது யாரையாவது கூப்பிட்டிருப்பார்களோ என்னவோ. நான் கெஞ்சிப் பழகினவள் இல்லை. ஒதுங்கி நின்றேன்.

ஒரு மணி அடிக்கிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். அதற்கப்புறம் என் பக்கம் வந்தாள். "அந்தச் சீட்டக் குடுங்க அத்த. போன் பண்ணா அவரு கேப்பாரு" என்றாள்.

ஆஸ்பத்திரி நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அவள் பிரித்தாள். படித்த ஜனங்கள் படிக்கும்போது உதடு அசையாது. கண் ஒரு தடவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான். நான் பத்து நிமிஷம் ஆகும் என்று பயந்ததை அவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள். பிறகு மறுபடி படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இது உங்க கையிலதான இருந்துச்சி?"

"ஆமா."

"முழுசா படிச்சீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு உண்மையான பதில் இருந்தது. எனக்குப் படிக்க வராதும்மா, முதல் வரி மட்டும் கூட்டினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே நாங்கள் இரண்டு பேர்தான். கேட்கக் காக்கைகூட இல்லை.

"படிச்சேன்" என்றேன்.

அவள் முகம் அப்போது எப்படி மாறியது என்பதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஏதோ ஒன்று அவளுக்குத் தெளிவாகிவிட்ட மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினாள். சீட்டை நான்காக மடித்து ஹால் டிக்கெட்டோடு வைத்துக்கொண்டாள். "வாங்க, டீ குடிக்கலாம்" என்றாள்.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று மகன் அன்றைக்கே போனில் கத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"அடிச்ச ஒடனே வண்டிய எடு, நிக்காதன்னு எழுதி வெச்சேனே! மூணு கிலோமீட்டர் மெதுவா ஓட்டுனாத்தான் அந்த நொர டயரு முழுக்கப் பரவி ஓட்டைய அடைக்கும். அப்புறமா பங்சர் கடைக்குப் போன்னும் எழுதியிருந்தேன். அடிச்சிட்டு நின்னா அது அடியில போய்த் தேங்கிடும். ஒரு சீட்டப் படிக்கத் தெரியாதா ஒனக்கு? பி.காம். படிச்சிருக்க!"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அவசரத்துல சரியா பாக்கலங்க. என் தப்புதான்."

நான் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறிப் போகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது, அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்று. காரைக்காலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, முழுசாகப் படித்துவிட்டு, வேண்டுமென்றே இரண்டாவது வரியை மறைத்து, ராகு காலம் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன் என்று நினைக்கிறாள். ஒரு வாரம் முன்னால் அவள் காதில் விழுந்த பேச்சு அப்படி. நான் வாயால் சொன்ன "படிச்சேன்" அப்படி. இரண்டையும் சேர்த்தால் வேறு என்ன வரும்? அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் நினைப்பேன்.

அந்த நினைப்பை ஒரு வார்த்தையில் உடைத்திருக்கலாம். எனக்குப் படிக்கத் தெரியாது. மூன்றே சொல். இரண்டு வருஷமாக அந்த மூன்று சொல்லை நான் சொல்லவில்லை. எழுத்துத் தெரியாதவள் என்று பெயர் எடுப்பதைவிட மருமகளின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று பெயர் எடுப்பது மேல் என்று நான் இருந்திருக்கிறேன். இதை வெளியே சொல்லும்போதுதான் எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே தெரிகிறது. ஐந்து பேரை வளர்த்தவள் என்று மார்தட்டுகிறேன். ஆறாவதாக வீட்டுக்கு வந்தவளிடம் இப்படி நடந்துகொண்டேன்.

வேலை அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்று நான் நினைத்தேனா? இல்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் பரீட்சை போன பிறகு ஒரு நாள், அவள் அடுப்படியில் நிற்பதைப் பார்த்தபோது, இனிமேல் காரைக்கால் இல்லை என்று மனசின் ஒரு ஓரம் லேசானது. அதையும் மறைக்க வேண்டாம். அதையும் எழுது.

அவள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இன்றைக்கும் முதல் தோசை எனக்குத்தான். மாத்திரையை நேரத்துக்கு எடுத்து வைக்கிறாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி, பேச்சோடு பேச்சாக உண்மை வெளியே வந்திருக்கும். அவள் சண்டையே போடவில்லை. முன்னே எல்லாம் எங்கே கிளம்பினாலும், "நல்ல நேரமா பாத்து சொல்லுங்க அத்த" என்பாள். இப்போது சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போகிறாள். நாளைக்கு என்ன என்று கேட்டால், "பாக்கலாம்" என்பாள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னை உள்ளே விடுவதில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன செவ்வாய்க்கிழமை இந்தப் பேத்தி வாய் தவறி உளறிவிட்டாள். அவள் அம்மா வேறொரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். வயது வரம்பு இல்லாத ஒப்பந்த வேலை. அடுத்த வாரம் நேரில் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"எப்போ, எந்தக் கெழம?" என்று கேட்டேன்.

பேத்தி விழித்தாள். "ஆயாகிட்ட மட்டும் தேதிய சொல்லாதன்னு அம்மா சொல்லுச்சி" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

என் வீட்டில், என் மருமகள், என்னிடமிருந்து ஒரு தேதியை ஒளித்து வைக்கிறாள். நான் குறுக்கே விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில். அவளை அந்த நிலைக்குக் கொண்டு வந்தது நான்தான். தேதி எனக்கு வேண்டாம். நல்ல நேரமும் சொல்லப் போவதில்லை. ராகு காலத்தில் கிளம்பினாலும் சரி, எமகண்டத்தில் கிளம்பினாலும் சரி, அவள் போய்ச் சேர்ந்தால் போதும்.

அவளிடம் நேருக்கு நேர் சொல்ல மூன்று நாள் முயற்சி செய்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், "சாம்பார்ல உப்பு கம்மி" என்றுதான் வாயில் வந்தது. அதனால்தான் இதை எழுதச் சொன்னேன். என் எழுத்தில் எழுத முடிந்திருந்தால் நானே எழுதியிருப்பேன்.

எழுதி முடித்தாயா? பக்கத்தைத் திருப்பு. முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. நான் சொன்னதை எங்காவது நல்லபடியாக மாற்றியிருந்தால் பழையபடி எழுத வைப்பேன். "அம்மா திட்டும் ஆயா" என்று என்னைப் பார்க்காதே. இரு, இப்போதே ஆரம்பிக்காதே. உன் அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள். அவள் இறங்கி வந்து இங்கே உட்காரட்டும். அப்புறம் சத்தமாகப் படி.